மணல்தானே என்கிறார்கள்!

தொழிற்சாலையில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதென்றால் டெண்டரில் பம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தொட்டியின் இரும்புத் தகடு எத்தனை மில்லிமீட்டர், பெயிண்ட் எத்தனை பூச்சு என்பதெல்லாம் இருக்கும். தொட்டிக்குள் போட வேண்டிய சரக்குக்கு மட்டும் ஒரே வரி: “மணல், தேவையான அளவு.” ஏன் என்று கேட்டால், மணல்தானே என்கிறார்கள்.

மணல்தான், கனவான்களே! ஆனால் தண்ணீரைத் தெளிய வைப்பது தொட்டியுமல்ல, பம்புமல்ல; அந்த மணல்தான்.

கணக்குப் பார்ப்போம். 2 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் போட்டால் 3 கன மீட்டர் பிடிக்கும். நம் லாரிக் கணக்கில் ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகம். பெரும்பணம் போட்டு நிலையம் கட்டுகிறவர்கள் இந்த ஒரு யூனிட் மணலில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள்!

கண்டிராக்டர் கொண்டுவந்து கொட்டுவது என்ன மணல்? செங்கற்பட்டுச் சீமையில் பாலாறு இருக்கிறது, மாமல்லபுரம் பக்கம் கடற்கரை இருக்கிறது. மணலுக்கா பஞ்சம் என்று நினைக்கலாம். கடற்கரை மணல் பெரும்பாலும் நுண்மணல். உப்பு ஊறியது, கிளிஞ்சல் துகள் கலந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, அமிலத்தன்மையுள்ள நீர் பட்டால் கரையும், நீரின் கடினத்தைக் கூட்டும். நல்ல வடிமணல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தாலும் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இழக்கக் கூடாது. ஒரு புட்டி அமிலமும் ஒரு தராசும் இருந்தால் லாரி வாசலில் நிற்கும்போதே சோதித்துவிடலாம். எத்தனை பேர் சோதிக்கிறார்கள்?

பாலாற்று மணலைச் சலித்துக் கழுவினால் காரியத்துக்கு உதவும். அந்த ஆற்றைத்தான் கட்டடத்துக்கென்று தோண்டித் தோண்டி லாரியில் ஏற்றிவிட்டார்களே! ஆற்றுப்படுகைக் கிணறுகளுக்கு ஊறும் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்ததும் அதே மணல்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இனி, மணியின் அளவு. விரைவு வடிகட்டிக்கு 0.45 முதல் 0.70 மில்லிமீட்டர் வரை என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. அளவு மட்டும் போதாது. மணிகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். பொடியும் பருக்கையும் கலந்திருந்தால், கீழிருந்து நீரைச் செலுத்திக் கழுவும்போது பொடியெல்லாம் மேலே வந்து படியும். பிறகு மேல்பரப்பு மட்டும் அடைத்துக்கொள்ளும். கீழே கிடக்கும் மணல் வேலையில்லாமல் கிடக்கும். இதற்குப் பரிகாரமாகத்தான் ஆந்த்ரசைட் என்னும் கெட்டி நிலக்கரியை மணலின்மேல் பரப்புகிறார்கள். மணலைவிடப் பருத்த மணி, ஆனால் எடை குறைவு. ஆகவே எத்தனை முறை கழுவினாலும் மேலேயே தங்கும். பெரிய அழுக்கை அது பிடிக்கும், சிறிய அழுக்கை மணல் பிடிக்கும். நெய்வேலிக் கரியைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது மெத்தென்ற பழுப்புக் கரி. உதிர்ந்து நீரையே கறுப்பாக்கும். இதில் எதுவும் உப்பை நீக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன். கரைந்த உப்பை மணல் பிடிக்கும் என்று நம்பி பாய்லரைப் பாழாக்குவோர் இன்னும் இருக்கிறார்கள்.

உப்பை நீக்க சவ்வு வேண்டும். அந்தச் சவ்வைக் காப்பதும் வடிகட்டிதான். நெம்மேலியைப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கடல் கொந்தளித்துக் கலங்கிய நாட்களில் அங்கே உற்பத்தி குறைந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. வங்கக் கடல் ஐப்பசி, கார்த்திகையில் கலங்கும் என்பது குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும். தெளிந்த நாளின் தண்ணீரை வைத்து வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் கலங்கிய நாளில் அதன் விலையைக் கொடுக்க வேண்டும். கொடுப்பது குடம் தூக்கும் பெண்கள். 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலை அங்கேயே திறக்கப்பட்டது. பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். வடிகட்டியைக் கழுவிய சேற்றுநீரும் எங்கோ போயாக வேண்டும். சரக்கு மட்டமானால் அடிக்கடி கழுவ வேண்டும், சேறும் பெருகும். கடலரிப்பையும் உப்புக் கழிவையும் பற்றி முறையிட்டு வரும் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வடிகட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் சாட்சி. வணிகக் கனவான்கள் ஆண்ட ஊர். மணல் வடிகட்டிக்குச் செலவா என்று வருஷக்கணக்காக இழுத்தடித்தார்கள். 1892-ல் காலரா வந்தது; 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனாவோ அதே எல்பே நதியின் நீரை, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு எடுத்து, மணலில் வடித்துக் குடித்தது, பெரும்பாலும் தப்பியது.

இங்கே முதலில் சாவது வேறு ஆள். மட்டமான மணல் சேற்றோடு சேர்ந்து உருண்டை உருண்டையாக இறுகிவிட்டால் அதை உடைக்க, ஆள்நுழை துவாரம் வழியாக ஒப்பந்தத் தொழிலாளியைத்தான் இறக்குவார்கள். கரி வடிகட்டி இன்னும் மோசம். குளோரினை நீக்கத் தேங்காய்த் தொட்டிக் கரி அருமையான சரக்கு. ஆனால் மூடிய தொட்டியில் ஈரமாகக் கிடக்கும் அந்தக் கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வாடை கிடையாது, புகை கிடையாது. உள்ளே இறங்கியவன் சரிந்து விழுவான். காற்றைச் சோதிக்கும் கருவியும் மேலே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும்.

டெண்டர் எழுதும் கமிட்டியில் ஆபரேட்டர் ஒருவரையும் உட்கார வையுங்கள். அழுத்தமானியை ஷிப்டுக்கு ஷிப்டு பார்த்து நோட்டில் குறிப்பவர் அவர். எந்த மாதம் எத்தனை மணி நேரத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது என்று அந்த நோட்டில் இருக்கிறது. மணல் வாங்கப் போகுமுன் அதைப் படியுங்கள்.