வலி குறைந்தால் வரலாறு அழிந்துவிடுமா?



கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வைத்து மனவடுவைத் தணிக்கும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை பற்றிக் கதைத்தால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "இது மந்திரமா?" மற்றது, "எங்களை மறக்கப் பண்ணுகிற வேலையா?" இரண்டாவதுதான் கனமான கேள்வி.

ஏனென்றால் எங்களிடம் மிஞ்சியதே நினைவுதான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன உம்மா வாப்பாமாரின் நினைவு. 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் நினைவு. 2009 மே வரை முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் கிடந்த சகோதரர்களின் நினைவு. தண்ணீரூற்றையும் முள்ளியவளையையும் சுற்றி இந்த மூன்று நினைவுகளும் அயல்வீட்டுக்காரர்.

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் சப்பீரோ 1989 இல் தன் முதல் ஆய்வை வெளியிட்ட முறை இது. வாட்டும் காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். மனதில் ஒரே நேரத்தில் கொஞ்ச விடயங்களுக்குத்தான் இடமுண்டு. கணக்குச் செய்கிற பிள்ளையின் பக்கத்தில் இருந்து கதை சொன்னால் கணக்குப் பிழைப்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதேபோல, கண்வேலை அந்த இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, காட்சி மங்குகிறது, நெஞ்சுப் படபடப்பு தணிகிறது. மங்கிய வடிவிலேயே நினைவு திரும்பப் பதிகிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். ஆய்வுகூடங்களில் எண்களைத் தலைகீழாக எண்ணச் சொன்னபோதும் இதுபோன்ற விளைவு வந்திருக்கிறது. ஆகவே கண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.

நடந்தது மறப்பதில்லை. அதை நினைக்கும்போது, இப்போதே நடப்பதுபோல் உடம்பு பதறுவதுதான் குறைகிறது. நடுங்காமல் சொல்ல முடிந்தவரின் சாட்சியத்துக்குப் பலம் கூடுமே தவிரக் குறையாது. ஆனாலும் காட்சியின் கூர்மை குறையக்கூடும் என்பதால், சொல்ல விரும்புகிறவர்களின் வாக்குமூலத்தைத் திகதி, இடத்தோடு முதலில் எழுதி வைப்போம். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். எழுதவில்லை என்பதற்காக யாருடைய சிகிச்சையையும் தள்ளிப்போடவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. நடந்ததை விபரமாக வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. வாய் திறக்கக் கூசுகிற எங்கள் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். சுனாமிக்குப் பின் வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் இலங்கைக்கு வந்து இதைக் கற்பித்தும் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சி வன்னியின் ஒவ்வொரு வைத்தியசாலை மனநலப் பிரிவிலும், தமிழில், நிரந்தரமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது எங்கள் உரிமை.

அதுவரை காணொளி பார்த்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் வகுப்பறையில் விரல் ஆட்டக் கூடாது. கிளறிய காட்சியை அமர்த்தத் தெரியாதவர் கிளறக் கூடாது. தூக்கமில்லாத, திடுக்கிட்டு எழுகிற, பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையைக் கண்டுபிடித்து உரிய இடத்துக்கு அனுப்புவதே எங்கள் வேலை.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருவதுபோல், இங்கே காயப்பட்டது முழுச் சமூகமும். எந்தச் சிகிச்சையும் காணியைத் திருப்பித் தராது, காணாமல் போனவரைக் கொண்டுவராது. அவற்றைக் கேட்க எங்களுக்குத் தெம்பு வேண்டும். இரவில் தூங்க முடிந்தவருக்குத்தான் பகலில் அந்தத் தெம்பு இருக்கும்.