அளிந்த பழம் யாருக்கு?

ஆனி மாதம், பவுர்ணமி நாள். காரைக்கால் பாரதியார் வீதியில் கால் வைக்க இடம் இருக்காது.

பிச்சாண்டவர் வீதி உலா வருவார். வழியில் உள்ள வீடுகளின் மாடியில் எல்லாம் மாம்பழக் கூடைகள் காத்திருக்கும். சுவாமி கடந்து போனதும் மேலே இருந்து பழங்கள் பறக்கும். கீழே நிற்பவர்கள் கையை நீட்டுவார்கள். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். ஒரு பழம் கிடைத்துவிட்டால் போதும், ஏதோ புதையல் கிடைத்ததுபோல் முகம் மலரும். குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது ஊரார் நம்பிக்கை.

இதுதான் காரைக்கால் மாங்கனித் திருவிழா. பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் இந்த ஊருக்கு வந்தார்கள். 1954-ல் போனார்கள். மாங்கனி மட்டும் போகவில்லை.

திருவிழாவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மறுநாள் காலையில் அடுக்களையில் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிடித்து வந்த பழம், வாங்கி வந்த பழம், உறவினர் கொண்டு வந்த பழம் எல்லாம் கூடையில் குவிந்து கிடக்கும். கடலோர ஊர். புழுக்கம் அதிகம். இரண்டு நாளில் பழம் தளதளவென்று ஆகிவிடும். மூன்றாம் நாள் தொட்டால் விரல் உள்ளே போகும். "அய்யய்யோ, அளிஞ்சு போச்சே!" என்று வீட்டு அம்மாள் தலையில் கை வைப்பாள்.

மாம்பழம் ஆனி மாதத்தோடு போய்விடும். வாழைப்பழத்தின் கதையோ வருஷம் முழுவதும் நடக்கிறது. கோவில் அர்ச்சனைப் பழம், தாம்பூலப் பழம், சந்தையில் மலிவு என்று வாங்கிய சீப்பு என்று எப்போதும் ஒன்று கறுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பழம் கடைசியில் யாருக்குப் போகிறது?

வாசலில் வந்தவர்

காரைக்கால் அம்மையாரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதில் ஓர் இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

புனிதவதி என்பது அவள் பெயர். வணிகர் குலப் பெண். கணவன் பரமதத்தன். ஒருநாள் அவனைப் பார்க்க வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தார்கள். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பி வைத்தான்.

அந்த நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்துவிட்டது. கறி இன்னும் ஆகவில்லை. வந்தவரைக் காக்க வைக்கப் புனிதவதிக்கு மனம் இல்லை. சோற்றைப் போட்டு, கணவன் அனுப்பிய கனிகளில் ஒன்றை எடுத்து இலையில் வைத்துவிட்டாள்.

பிறகு கணவன் சாப்பிட வந்தான். மற்றக் கனியைத் தின்றான். ருசியாக இருந்ததால் இன்னொன்றையும் கேட்டான். அவள் இறைவனை வேண்டினாள். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவையைக் கண்டு கணவன் சந்தேகப்பட்டான். அதன்பின் அவன் கப்பலேறிப் போனதும், அவள் பேய் வடிவம் வேண்டிப் பெற்றதும் பெரிய கதை. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகவே பாடியிருக்கிறார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பசித்து வந்தவருக்குப் புனிதவதி கொடுத்தது நல்ல கனி. கணவன் ஆசையாக அனுப்பிய கனி. வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய கனி அல்ல!

அவள் பெயரால் விழா எடுக்கும் ஊரிலும், மற்ற ஊர்களிலும், இன்று வீடுகளில் என்ன நடக்கிறது?

சீப்பு வாங்கிய முதல் இரண்டு நாள் வேலைக்கார அம்மாளுக்கு ஒரு பழம் கொடுக்க மனம் வருவதில்லை. "பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தால் கேட்பார்களே" என்று தோன்றுகிறது. நாலாம் நாள் தோல் கறுக்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் தருமம் நினைவுக்கு வருகிறது.

"ஏம்மா, இந்தப் பழத்தை எடுத்துக்கிட்டுப் போ. உன் பிள்ளைங்களுக்குக் குடு."

அவள் வாங்கிக்கொள்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் முகம் கோணும் என்று அவளுக்குத் தெரியும். நம் பிள்ளை தொடாததைத் தன் பிள்ளைக்குக் கொண்டுபோகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியும். கொடுத்த அம்மாளுக்குத்தான் அது தெரிவதில்லை. புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பழம் நன்றாக இருக்கும்போதே கொடுப்பதைக் கொடுத்துவிட வேண்டும். அளிந்தது வீட்டுக்காரர்களின் அடுப்புக்குப் போக வேண்டும். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் லாபம்தான்!

அளிந்தது வேறு, அழுகியது வேறு

காய் பழுக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பச்சை வாழைக்காயில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். நன்றாகக் கனிந்த பிறகு அதில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். மற்றதில் பெரும்பகுதி இனிப்பாகிவிடுகிறது. ஆகவே தோல் கறுத்த பழம் கெட்டுப்போன பழம் அல்ல. அது இனிப்பின் உச்சியில் இருக்கும் பழம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுத்தாலும் உள்ளே சதை நன்றாகவே இருக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சட்டியில் போடக் கூடாது. பூஞ்சணம் பிடித்திருந்தால் முழுப் பழத்தையும் எறிந்துவிட வேண்டும். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை எடுப்பது தவறு. கள் போலப் புளித்த வாடை அடித்தாலும், நீர் ஒழுகினாலும் குப்பைக்குழிதான் அதற்கு இடம். திருவிழாவில் தெருவில் விழுந்து வெடித்த மாம்பழமும் அப்படியே. பக்தி இருக்கலாம், வயிறும் இருக்கிறதே! தோல் கிழியாமல் கன்றிப்போன பழம் என்றால் கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

கால் மணி நேரப் பணியாரம்

அளிந்த பூவன் பழம் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். தோலை உரித்துக் கையாலேயே மசியுங்கள். அரைக் கிண்ணம் வெல்லத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். பழம் ரொம்பவும் கனிந்திருந்தால் கால் கிண்ணம் வெல்லமே போதும். ஒரு கிண்ணம் கோதுமை மாவு, இரண்டு கரண்டி பச்சரிசி மாவு, இரண்டு ஏலக்காயின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டால் கடிக்கச் சுகம். மாவு இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்து ஊற்றுங்கள். பழமே நீர் விடும்.

பணியாரக் கல்லில் குழிக்குக் குழி சிறிது நெய் விட்டு மாவை ஊற்றுங்கள். கல் இல்லாதவர்கள் வாணலியில் எண்ணெய் காய வைத்துக் கரண்டியால் ஊற்றி எடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தீயைக் குறைத்து வையுங்கள். பழத்தின் இனிப்பும் வெல்லமும் சேர்ந்து சீக்கிரம் சிவக்கும். மேலே சிவந்துவிட்டது என்று எடுத்தால் உள்ளே மாவு வேகாமல் இருக்கும். குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் எடுக்க வேண்டும். முதல் ஈடு கறுத்துப்போகாத வீடு கிடையாது. இரண்டாம் ஈடு தானாகச் சரியாகிவிடும்.

மாம்பழத்துக்குக் கேசரி சுலபம். சதையைப் பிழிந்து நாரை வடிகட்டிக்கொள்ள வேண்டும். நெய்யில் ரவையை வறுத்து, தண்ணீர் விட்டு வேக வைத்து, பிறகு சாற்றை ஊற்றிக் கிளற வேண்டும். வழக்கமாகப் போடும் சர்க்கரையில் பாதி போட்டு ருசி பார்த்துக்கொள்ளலாம். நிறத்துக்குப் பொடி வேண்டியதில்லை.

நீரிழிவுக்காரர்கள் மட்டும் இரண்டையும் தட்டில் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். கனிந்த பழத்தில் இனிப்பு அதிகம்.

கஞ்சத்தனமா?

"அளிந்த பழத்தில் பலகாரமா? இவ்வளவு கஞ்சத்தனமா?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அடுப்புப் பக்கம் போகாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

மலேசியாவில் அளிந்த வாழைப்பழத்தை மசித்து, மாவில் கலந்து, உருண்டையாகப் பொரித்து மாலைச் சிற்றுண்டியாகத் தின்கிறார்கள். நல்ல பழத்தைவிட அளிந்த பழம்தான் அதற்கு ஏற்றது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மலையாளிகள் உண்ணியப்பத்துக்குக் கனிந்த பழம்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் 1930-களில் பெரும் பணமுடை வந்தபோது, கறுத்த வாழைப்பழத்தை எறிய மனமில்லாத குடும்பப் பெண்கள் அதை மாவில் சேர்த்து ரொட்டியாகச் சுட்டார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது அதே ரொட்டி உலகமெங்கும் நாகரிகமாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் துண்டு போட்டு விற்றால் அது கேக். வீட்டு அம்மாள் சுட்டால் கஞ்சத்தனம்! இது என்ன நியாயம்?

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீணானது வீடுகளில். ஓட்டல்களைக் குறை சொல்வது எளிது. வீட்டுக் கூடையைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

இதில் பெண்களை மட்டும் பொறுப்பாக்குவதும் சரியல்ல. மலிவு என்று இரண்டு சீப்பைத் தூக்கி வருபவர் பெரும்பாலும் வீட்டு ஆண்தான். பழத்தை உரித்து மசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வாங்கி வந்த கையே மசிக்கலாம்.

சீப்பு வீட்டுக்கு வந்த அன்றே நல்ல பழமாக இரண்டைப் பிய்த்து வேலைக்கார அம்மாளின் பையில் வைக்கலாம். நாலாம் நாள், கறுத்ததை வைத்துப் பணியாரம் சுடும்போது, அவள் இருந்தால் அவளுக்கும் சுடச்சுட ஒரு தட்டு. அன்றைக்கு எல்லோரும் தின்பது ஒரே பலகாரம்.

மிச்சம் இருந்தால் மறுநாள் காலை வரை தாங்கும். பெரும்பாலும் மிச்சம் இருக்காது.