யந்திரம் நின்ற பின்

ஆகாய விமானத்தின் யந்திரம் நடுவானில் நின்றுவிடின், விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அஃது உண்மையன்று. வேகம் உள்ளவரை சிறகுகள் விமானத்தைத் தாங்கும். விமானி அதன் மூக்கைச் சற்றே தாழ்த்தி அவ்வேகத்தைக் காப்பாராயின், இறக்கை அசைக்காத பருந்தைப்போல் அது சாய்ந்து இறங்கும். செஸ்னா 172 என்னும் சிறு விமானம் 1,000 அடி உயரத்திலிருந்து, காற்றில்லாத வேளையில், ஒன்றரை மைலுக்கு மேல் இவ்வாறு செல்ல வல்லது. ஆதலின் யந்திரம் நிற்பதினும், நின்ற பின் விமானியின் உள்ளத்தில் எழும் ஓர் ஆசையே பேரபாயம் என்பது நமது துணிபு.

அவ்வாசை யாதெனின், புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிட வேண்டும் என்பதாம். பழகிய ஓடுபாதை பின்னே கிடக்கிறது. முன்னேயோ மரங்களும் வீடுகளும். திரும்பத் தோன்றுவது மனித இயல்பே. ஆனால் திரும்புவதற்கு விமானத்தை ஒரு பக்கமாகச் சரிக்க வேண்டும். சரிந்து வளையும் விமானத்தைத் தாங்கச் சிறகுகளுக்கு முன்னிலும் மிகுந்த வேகம் வேண்டும் என்பதைப் பௌதிகம் பயிலும் நம் மாணவர் எளிதில் உணர்வர். யந்திரம் இல்லாதபோது அவ்வேகத்தை உயரத்தைக் கொடுத்தே பெறவேண்டும். உயரமோ கையில் சிறிதே. வேகம் குன்றினால் சிறகு தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் சுழன்று வீழும். சில நூறு அடி உயரத்தில் அதனின்று மீள்வது அரிதினும் அரிது.

2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து, சினிமா நடிகர் ஹாரிசன் போர்டு தமது பழைய ரயன் விமானத்தில் தனியே புறப்பட்டார். அவருக்கு அப்போது வயது 72. விமானம் 1942-இல் கட்டப்பட்டது. சிறிது நேரத்தில் யந்திரம் வலுவிழந்தது. அவரும் முதலில் திரும்பவே முயன்றார். அதை நாம் மறைத்துப் புகழ வேண்டுவதில்லை. ஆயினும் ஓடுபாதை எட்டாது என்று கண்டதும் அவ்வெண்ணத்தை விடுத்து, அருகிலிருந்த கோல்ப் மைதானத்தைத் தெரிந்துகொண்டார். விமானம் ஒரு மரத்தின் உச்சியில் உராய்ந்து தரையில் மோதியது. அவர் பலத்த காயத்துடன் உயிர் பிழைத்தார். தரையில் எவருக்கும் தீங்கில்லை. அதிர்ஷ்டம் என்பார் சொல்லட்டும். பிடித்த எண்ணத்தை அக்கணத்தில் விட்டதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

நிற்க. முதியவர் ஒருவர் பழைய விமானத்தை ஓட்டலாமா என்னும் கேள்வி எழுவது எளிது. விசாரணையின் முடிவோ வேறு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்னும் சிற்றுறுப்பு, தன் இருக்கையினின்று திருகு கழன்றிருந்தது. பெட்ரோல் மிதமிஞ்சிப் புகவே, அதற்கேற்ற காற்றின்றி யந்திரம் தளர்ந்தது. அக்கார்புரேட்டர் ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன் புதுக்கப்பட்டது. அதன் பின் ஜெட்டைக் காலந்தோறும் சோதிக்குமாறு கூறும் விதியொன்றும் பராமரிப்பு நூலில் இல்லை. நூலில் இல்லாததை மெக்கானிக் தேடவில்லை என்று குறைகூறல் நியாயமாகாது. பழைய விமானங்களின் நூல்களைப் புதிய விபத்துக்களின் அனுபவங்கொண்டு திருத்தி எழுதுவதே கடமை என்போம்.

தோளைப் பிணிக்கும் வாரும் தக்கபடி அமைக்கப்படவில்லை. உரிய வலுவூட்டப்படாத இருக்கையின் முதுகில் அது பொருத்தப்பட்டிருந்தமையால் காயம் மிகுந்தது என்றும் விசாரணையாளர் கண்டனர். இதைச் சீர்செய்ய நடுவானில் இடமில்லை. கொட்டகையில் நின்ற அத்தனை ஆண்டுகளிலும் இருந்தது.