516 மைல் எதற்கு?

குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் கார் பயணம் என்று பேச்சை எடுத்தாலே போதும், அடுத்த வார்த்தை "என்.சி.500 தானே?" என்றுதான் வருகிறது. நார்த் கோஸ்ட் 500. இன்வர்னெஸ்ஸில் கிளம்பி, மேற்குக் கரையோரமாகவே மேலே போய், வடக்குக் கரையைச் சுற்றி, கிழக்குப் பக்கமாக இறங்கி மறுபடியும் இன்வர்னெஸ். மொத்தம் 516 மைல், நம் கணக்கில் 830 கிலோமீட்டர். சாலைகளெல்லாம் பழையவை. பெயரும் மேப்பும்தான் 2015-ல் வந்தவை, வடக்கே சுற்றுலாவை வளர்ப்பதற்காக. மார்க்கெட்டிங் பாடத்தில் உதாரணமாகவே வைக்கலாம். கிடந்த ரோட்டுக்கு ஒரு எண்ணைச் சூட்டினார்கள், உடனே அதை 'முடித்தே' ஆகவேண்டும் என்று எல்லோருக்கும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

என் கட்சி வேறு. சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பம், கையில் ஒரு வாரம்தான் லீவு என்றால், அந்த வட்டத்தைத் தொடவே கூடாது. இரண்டே ஊரில் தங்கி, அங்கிருந்து தினம் ஒரு பாதை ஓட்டிவிட்டு, ராத்திரி அதே கட்டிலுக்குத் திரும்பி வரவேண்டும். இதைச் சொன்னால், "இவ்வளவு தூரம் போய்ட்டு பாதியைப் பார்த்துட்டு வர்றதா?" என்று அடிக்க வருகிறார்கள்.

என் சித்தப்பா லெஸ்டரில் இருக்கிறார். பாட்டியும் நானும் அங்கே போயிருந்தபோது ஒரு எக்ஸெல் ஷீட்டைக் காட்டி, "நீ பி.காம் படிக்கிற ஆள், சரியா இருக்கான்னு பாரு" என்றார். கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லெஸ்டரிலிருந்து இன்வர்னெஸ் போகவே சுமார் 470 மைல். அங்கே 516. திரும்பி வர இன்னொரு 470. எட்டு நாளில் 1450 மைலுக்கு மேல். காரில் சித்தப்பா, சித்தி, ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு வாண்டுகள், எழுபதைத் தாண்டிய பாட்டி, அப்புறம் நான். ஓட்டப்போவது சித்தப்பா ஒருவர்தான். சித்திக்கு லைசென்ஸ் கிடையாது. என்னிடம் நம்மூர் லைசென்ஸ் இருக்கிறது, அதை வைத்து அங்கே ஒரு வருடம் வரை ஓட்டலாம். ஆனால் ஆறு பேருக்கு வாடகை வண்டிதான் எடுக்கவேண்டும், வாடகைக் கம்பெனிகளில் பல 23, 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்டீயரிங்கைத் தருவதில்லை, தந்தாலும் கூடுதலாகத் தீட்டிவிடுவார்கள். ஆக நான் பின்சீட்டுப் பயணி. இங்கே சொல்வதெல்லாம் பின்சீட்டிலிருந்து பார்த்ததுதான்.

அந்த ஷீட்டில் வட்டத்துக்கு ஐந்து நாள். 516-ஐ ஐந்தால் வகுத்தால் நாளைக்கு 103 மைல். இங்கிலாந்து மோட்டார்வேயில் ஓட்டிப் பழகியவருக்கு இது ஒன்றுமே இல்லை, 70 மைல் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். ஆனால் மேற்கு ஹைலண்ட்ஸில் பல இடங்களில் ரோடு ஒரே ஒரு காரின் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி 'பாஸிங் பிளேஸ்' என்று போர்டு வைத்திருப்பார்கள். அந்த ரோட்டிலும் சட்டப்படி வரம்பு 60 மைல்தான். அந்த வேகத்தில் போனால் நேராக ஏரியில்தான் இறங்கவேண்டும். சராசரியாக 25, 30 மைல் கிடைத்தால் நல்ல நாள். அப்போது 103 மைல் என்பது நாலு மணி நேரம், வண்டி ஓடும் நேரம் மட்டும். அதோடு ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு, இன்னொரு பிள்ளைக்கு வாந்தி, நடுரோட்டில் செம்மறியாடு, எதிரே வந்த கேரவனுக்காகப் பின்னாலேயே நகர்ந்து போனது, பாட்டிக்கு முட்டி பிடித்துக்கொண்டதால் பத்து நிமிடம் நடந்தது எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம். அப்படி ஐந்து நாள், ஐந்து ராத்திரியும் ஐந்து வேறு ஊரில்.

நாங்கள் கணக்குப் பாடத்தில் முதலில் படிப்பது, டர்ன்ஓவர் வேறு, லாபம் வேறு என்பது. மைல் என்பது டர்ன்ஓவர்.

இதில் யாரும் பேசாத ஒரு ஆள் இருக்கிறார். வண்டி ஓட்டுபவர். காட்சி அழகான ரோடு என்கிறோமே, அந்தக் காட்சி அவருக்குக் கிடையாது. ஒற்றை ரோட்டில் அவர் பார்ப்பது இரண்டே விஷயம், எதிரே வண்டி வருகிறதா, அடுத்த பாஸிங் பிளேஸ் எங்கே. ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பீலக் ந பா கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. சில இடங்களில் சரிவு 20 சதவீதத்தை நெருங்கும், கொண்டை ஊசி வளைவுகள் வேறு. புதிதாக ஓட்டக் கற்பவர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே போர்டு இருக்கிறது. பின்சீட்டில் எல்லோரும் "வாவ்" சொல்லும்போது ஓட்டுபவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். வருடம் முழுக்க வேலை பார்த்து, லீவு போட்டு, செலவும் செய்த ஆள் தார் ரோட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவது அநியாயம் இல்லையா? அதனால் என் விதி, ஒரு நாளில் வண்டி ஓடும் நேரம் மூன்று மணிக்கு மேல் போகக்கூடாது. மீதி நேரம் அவரும் கீழே இறங்கி நிற்கவேண்டும்.

"ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்குமே, மெதுவா ஓட்டலாம்" என்றார் சித்தப்பா. உண்மைதான். ஜூன் கடைசியில் இன்வர்னெஸ்ஸில் பகல் 18 மணி நேரம். ஆனால் வெளிச்சம் இருக்கிறது என்பதற்காகக் குழந்தைக்குப் பசிக்காமல் இருக்குமா? சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடைகளின் சமையலறை எட்டு, எட்டரைக்கே மூடிவிடும் இடங்கள் உண்டு. டிசம்பரில் நிலைமை தலைகீழ். பகல் ஆறரை மணி நேரம்தான். காலை ஒன்பது மணிக்குச் சூரியன் வந்து மூன்றரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். குளிர்காலத்தில் 'காட்சிப் பயணம்' என்று நூறு மைல் போடுபவர்கள் பாதியை இருட்டில்தான் பார்க்கப் போகிறார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது முன்பணம். வட்டம் போட்டால் ஐந்து ஊரில் ஐந்து அறை, சீசனில் பெரும்பாலும் பணத்தை முன்னாலேயே கட்டிவிடவேண்டும். ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் மேற்கு ஹைலண்ட்ஸும் ஒன்று. இரண்டாம் நாள் கணவாய் முழுக்க மேகம், பத்தடி தூரம் தெரியவில்லை, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் அன்றைக்கு அறையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் புத்தி சொல்லும். ஆனால் அந்த அறையில் வேறு யாரோ வரப்போகிறார்கள், அடுத்த ஊரில் பணம் கட்டியாகிவிட்டது, அதற்கடுத்த ஊரிலும்தான். உடனே, "போயிடலாம், மெதுவா ஓட்டறேன்." எங்கள் பாடத்தில் இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர். திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவுக்குள் இழுக்காதே என்பார்கள். பரீட்சையில் எழுதுவது சுலபம். நிஜத்தில் அறைப் பணத்தை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் அப்படி ஒரு சங்கிலியை முதலிலேயே மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஊரில் மூன்று ராத்திரி என்றால் மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டாடலாம், ஒரு பைசா நஷ்டமில்லை.

அப்புறம் அந்த ரோட்டில் குடியிருக்கிறவர்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ஒரே வழி. அவசரமாகத் தேதி போட்டு ஓடுபவர்கள் பாஸிங் பிளேஸில் வண்டியை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். அது நிறுத்துமிடம் இல்லை. முறை ரொம்ப எளிது. பாஸிங் பிளேஸ் இடது பக்கம் இருந்தால் நாம் ஒதுங்கவேண்டும், வலது பக்கம் இருந்தால் அதற்கு எதிரே நின்று மற்றவர் ஒதுங்க விடவேண்டும். மேட்டில் ஏறிவரும் வண்டிக்கு முடிந்தவரை வழி விடவேண்டும். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி முன்னே அனுப்பிவிடவேண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் நன்றி சொன்னதாகிவிடும். நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: மூன்று குடும்பம், மூன்று கார், ஒன்றன்பின் ஒன்றாகக் கல்யாண ஊர்வலம் மாதிரி போகாதீர்கள். ஒரு பாஸிங் பிளேஸில் மூன்று கார் அடங்காது.

சரி, இரண்டு ஊர் எது என்று கேட்பீர்கள். கடைசியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மே கடைசி வாரம், இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அரைப்பருவ லீவு. மேற்கே மழை ஓரளவு குறைந்திருக்கும் காலம், கடிக்கிற மிட்ஜ் பூச்சிகளும் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். முதல் நாள் கிளாஸ்கோ பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம், அதுவே சுமார் 300 மைல். மறுநாள் ஏ82 ரோடு. லோமண்ட் ஏரி, ரானக் மூர் பொட்டல்வெளி, அப்புறம் கிளென்கோ பள்ளத்தாக்கு. முழுக்க இருவழிச் சாலை. என்னைக் கேட்டால் இதற்கு ஈடாக வட்டத்தில் இருப்பவை கொஞ்சம்தான். ஃபோர்ட் வில்லியமில் மூன்று ராத்திரி. அங்கிருந்து ஏ830-ல் மாலெய்க் துறைமுகம் 43 மைல். வழியில் கிளென்ஃபின்னன் ரயில் பாலம், 1901-ல் திறந்தது, 21 வளைவுகள். ஹாரி பாட்டர் புண்ணியத்தில் வாண்டுகளுக்கு அதுதான் கோயில். அதைத் தாண்டினால் மொராரில் வெள்ளை மணல் கடற்கரை. இதுவும் இருவழிச் சாலைதான்.

அடுத்த மூன்று ராத்திரி ஸ்கை தீவில் போர்ட்ரீ. 1995-ல் பாலம் வந்துவிட்டதால் படகு தேவையில்லை, 2004-லிருந்து டோலும் இல்லை. போகிற வழியில் ரோட்டோரமாகவே எய்லன் டோனன் கோட்டை. 'குச் குச் ஹோத்தா ஹை' (1998) படத்தில் வருமே, அதே கோட்டை. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தின் தலைப்புப் பாட்டையும் ஸ்காட்லாந்துக் கோட்டைகளில்தான் எடுத்தார்கள். சினிமாப் பாட்டில் ஒரு கட் அடித்தால் அடுத்த கோட்டை வந்துவிடுகிறது. நம் காருக்குத்தான் நடுவில் ரோடு இருக்கிறது. போர்ட்ரீயிலிருந்து ட்ராட்டர்னிஷ் சுற்று சுமார் 50 மைல். அதில் மீல்ட் அருவி நேராகக் கடலில் விழுவதை, கார் நிறுத்துமிடத்திலிருந்து சில அடி நடந்தாலே பார்க்கலாம். பாட்டிக்கு அதுதான் முக்கியம். ஆனால் ஸ்கையில் கூட்டம் அதிகம், அதையும் சொல்லிவிடவேண்டும். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் தப்பிக்கலாம்.

சில்லறை விஷயங்கள்: 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், அதைக் கணக்கில் வைத்து வண்டி எடுங்கள். பாட்டிக்கு முன்சீட். மலையும் தெரியும், குமட்டலும் குறையும். டேங்க் பாதி ஆனவுடன் நிரப்பிவிடுங்கள். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னலை நம்பமுடியாது.

இப்படிப் போனால் இழப்பே இல்லையா? இருக்கிறது. தனியாக எழுந்து நிற்கும் சுயில்வன் மலை, கைல்ஸ்கூ பாலம், டுர்னெஸ் பக்கத்து ஸ்மூ குகை எல்லாம் போச்சு. இதெல்லாம் நிஜமான இழப்பு. ஜான் ஓ க்ரோட்ஸ் போனதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. பிரிட்டன் பெருநிலத்தின் வடகோடி என்று பலரும் நினைக்கிறார்கள், அதுகூட அது இல்லை, பக்கத்தில் இருக்கும் டன்னெட் ஹெட்தான்.

வட்டத்தைப் போட்டே தீருவேன் என்பவர்கள் பத்து நாளாவது ஒதுக்குங்கள், ஓட்ட இரண்டு பேர் இருக்கட்டும். கேம்பர் வேன் என்றால் பீலக் ந பாவை விட்டுவிட்டு ஷீல்டெய்க் வழியாகக் கடலோர ரோட்டில் ஆப்பிள்கிராஸ் போங்கள். ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று சொல்லி அந்த வேனை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். 2003-ம் வருட நிலச் சட்டம் கொடுத்த அந்த உரிமை நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு, மோட்டார் வண்டிகளுக்கு இல்லை.

சித்தப்பா அந்த எக்ஸெல் ஷீட்டை இன்னும் அழிக்கவில்லை. அடுத்த தடவை பன்னிரண்டு நாளாம். தான் வரப்போவதில்லை என்று பாட்டி இப்போதே சொல்லிவிட்டார் :-)