பிறர் ஓட்டி முடித்த வண்டி

யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றி உருகி உருகி எழுதப்பட்டவற்றைத் தொகுத்தால் தலையணை அளவுக்கு ஒரு நூல் தேறும். கிக்கரை ஒருமுறை உதைத்ததும் அது விழித்துக்கொள்ளும் விதம், தெருமுனை திரும்புவதற்கு முன்பே வீட்டாருக்குக் கேட்டுவிடும் அதன் ஒலி, முதல் கியரில் முன்சக்கரம் தரையை விட்டு எழ முயலும் கணம், கல்லூரி வாசல், இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்பிய இரவுகள். எல்லாக் கட்டுரைகளும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன: அப்படியொரு வண்டி இனி வராது. இந்த வாக்கியத்தோடு எங்களுக்குப் பிணக்கு இல்லை. இதன் நிழலில் சொல்லாமல் சொல்லப்படும் அடுத்த வாக்கியத்தோடுதான் பிணக்கு: ஆகவே, பழைய வண்டி வாங்குவதென்றால் அதையே வாங்கு.

இந்த இரண்டாம் வாக்கியம் பொய் என்பதே எங்கள் தரப்பு. அதற்கான விலையை எழுதியவர் ஒருபோதும் கொடுப்பதில்லை. வாசித்துவிட்டுச் சந்தைக்குப் போனவர் கொடுக்கிறார்.

முதலில் இரு தரப்பையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பக் கூட்டோடு ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் கொண்டுவந்தது 1985இல். 98 சிசி கொள்ளளவு, 11 குதிரைத்திறன், நூற்றுச் சொச்சம் கிலோ எடை. 1996இல் அதன் உற்பத்தி நின்றுபோனது. அதே 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 சந்தைக்கு வந்தது. அதே எஞ்சின் மரபில் 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 97.2 சிசி, கொள்ளளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஸ்ப்ளெண்டரின் திறன் ஏழரைக் குதிரையை ஒட்டியதுதான்.

ஒரே அளவுப் பாத்திரத்தில் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நாம் மகிழ்ச்சி என்று கொண்டாடுவது இந்த அவசரத்தைத்தான். அவசரத்துக்கு ஒரு கூலி உண்டு. புதிய கலவை உள்ளே வரும்போது புகை வெளியேறும் வழியும் திறந்தே இருப்பதால் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே போகிறது. எஞ்சினுக்கு உயவாக இருக்கவேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. 1996லும் 2000த்திலும் மாசு விதிகள் இறுகியபோது இத்தகைய எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கியதற்குக் காரணம் இந்தக் கூலிதான். அதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை.

புதிதாக வாங்கும்போது இவற்றுக்கிடையிலான தேர்வு வெறும் ரசனை சார்ந்தது. பழையதாக வாங்கும்போது அப்படியல்ல. அங்கே நாம் எஞ்சினை மட்டும் வாங்குவதில்லை; அதை ஓட்டியவரின் குணத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

எங்களில் ஒருவர் 2004இல் சேலத்தில் பள்ளிப் புத்தக விற்பனைப் பிரதிநிதியாக வேலைக்குச் சேர்ந்தார். சொந்த இருசக்கர வாகனம் வேண்டும் என்பது வேலைக்கான நிபந்தனை. அவரிடமிருந்த ஒரே சேமிப்பு 18,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு இரண்டு வண்டிகள் அவர் முன் நின்றன. ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கறுப்பு ஸ்ப்ளெண்டர். மற்றொன்று, 1993 மாடல் ஆர்.எக்ஸ். 100. முன்னதை ஓட்டிப் பார்த்தபோது எதுவுமே நிகழவில்லை என்றார். பின்னதை ஓட்டிப் பார்த்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது திரும்ப வந்தது. நாங்களும் உடனிருந்தோம். பின்னதையே வாங்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். ஆகவே இக்கட்டுரையின் கண்டனத்தில் முதல் பங்கு எங்களுக்கு உரியது.

மூன்றாம் மாதம், ஏற்காட்டுப் பள்ளிகளில் புத்தகக் கட்டுகளைக் காட்டிவிட்டு மாலையில் மலையிறங்கிக்கொண்டிருந்தார். சேலம் பக்கத்து மலைப்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு, கியரின் பிடியிலேயே வண்டியை இறக்குவது எல்லாரும் செய்வதுதான். டூ ஸ்ட்ரோக்கில் அது ஆபத்து. பெட்ரோல் நின்றால் அதோடு வரும் எண்ணெயும் நிற்கிறது. சக்கரமோ எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பாதி மலையில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடிப்பதற்குள் விழுந்திருந்தார். முழங்கால் காயத்தோடு போயிற்று என்பது பாதையோரச் சுவரின் கருணை.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் அதன் கதையைப் படித்துச் சொன்னார். ஆயில் பம்பு எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. எண்ணெயைக் கையால் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். வேகத்துக்காகச் சிலிண்டரின் துளைகளை அரத்தால் ராவியிருந்தார்கள். கார்புரேட்டர் வேறொரு வண்டியுடையது. அவர் கடைசியாகச் சொன்னது எங்களுக்கு இன்றும் மறக்கவில்லை: "சார், இந்த எஞ்சின நீங்க ஓட்டவே இல்லீங்க. முன்னாடி வெச்சிருந்தவரு ஓட்டி முடிச்சுட்டாரு. உங்களுக்குக் கெடைச்சது மிச்சம்தானுங்க."

வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. அந்த மாத விற்பனை இலக்கு தவறியது. அடுத்த மாதம் வேலையும் இல்லை.

அந்த மெக்கானிக் சொன்னதையே நாங்கள் வாதமாக முன்வைக்கிறோம். மகிழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட எஞ்சினை மகிழ்ச்சிக்காகவே வாங்குவார்கள், மகிழ்ச்சிக்காகவே முறுக்குவார்கள். சந்தைக்கு அது வரும்போது அந்த மகிழ்ச்சி ஏற்கெனவே செலவாகியிருக்கும். பில் மட்டும் பாக்கியிருக்கும். மாறாக, சுவாரசியமற்ற வண்டியைச் சுவாரசியமற்ற மனிதர்கள் வாங்குகிறார்கள். அவர்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அலுவலகம் போகிறார்கள். எண்ணெய் மாற்றிய தேதியை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் கையில் ஒரே சேமிப்போடு சந்தைக்குப் போகிறவர் விதிவிலக்கின் மீது பணம் கட்ட முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பழுதானால் எந்த ஊரிலும் ஒரு மரத்தடிப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். உண்மை. ஆனால் சரிசெய்ய எளிது என்பதும் பழுதாகாது என்பதும் ஒன்றல்ல. சிலிண்டர் தேய்ந்தால் போர் போட்டு கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் இடுவார்கள். பிறகு அரை, முக்கால், ஒன்று. ஒரு மில்லிமீட்டரோடு அந்த ஏணி முடிந்துவிடும். அதற்குமேல் புது ஸ்லீவ்தான். விற்பவரிடம் "இது எத்தனாவது போர்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் புன்னகையாக வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நீலப்புகை விட்டால் உள்ளே ரிங்கோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கிறது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் இயல்பிலேயே புகைவிடும். அதன் ஆரோக்கியமும் நோயும் ஒரே நிறத்தில் இருக்கின்றன.

அடுத்த வாதம் கவித்துவமானது. வாழ்க்கை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கா? நம்பகம் என்பது கற்பனை வறண்டவர்களின் விழுமியம் அல்லவா? இலக்கியம் படிக்கும் நம்மிடையே இதற்குக் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஸ்ப்ளெண்டரில் முன்னோக்கிப் படுத்திருக்கும் அந்தச் சிறிய சிலிண்டரின் குலவரலாறு 1958இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப் வரை போகிறது. சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவாவும் அதை வடிவமைக்கும்போது மனத்தில் வைத்திருந்தது, ஒரு கையில் நூடுல்ஸ் தட்டை ஏந்தியபடி மறுகையால் ஓட்டிச்செல்லும் கடைப்பையனை. அதனால்தான் கையால் இயக்கும் கிளட்ச் அதில் இல்லை. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. முகமறியாத ஒரு கடைப்பையனின் கை எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்த்து எஞ்சின் செய்வது கற்பனை இல்லையென்றால் எது கற்பனை? ஓட்டுபவனைச் சிலிர்க்கவைப்பது ஒரு கலை. ஓட்டுபவன் தன்னை மறந்து தன் வேலையைப் பார்க்க விடுவது அதனினும் அரிய கலை.

இதனால் ஸ்ப்ளெண்டர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். அது மறுபக்கத்து மூடநம்பிக்கை. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டப்பட்ட ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினும் ஒரு பிணம்தான். நம்பகம் பெட்ரோல் டாங்கின் மீது ஒட்டிய பெயரில் இல்லை. ஆகவே வண்டி பார்க்கப் போனால் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே அதை எழுப்பிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறும்வரை காத்திருந்து நீங்களே உதையுங்கள். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். டைமிங் செயினின் சலசலப்பைக் கேளுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரோடு ஒரு தேநீர் அருந்துங்கள். அவர் வண்டியைப் பற்றிச் சாகசக் கதைகள் சொல்லத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று நிலைமை இன்னும் விபரீதமாகிவிட்டது. கடைசியாக உற்பத்தியான ஆர்.எக்ஸ். 100 வண்டியே 1996ஐச் சேர்ந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இருந்தும் நன்றாகப் பூசி மெழுகிய ஒன்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். இந்த விலை உலோகத்தின் விலையல்ல, நினைவேக்கத்தின் விலை. அதை ஏற்றியதில் எழுதுகிறவர்களுக்கும் பங்குண்டு. வீட்டில் ஒரு கார், அலுவலகத்துக்கு ஒரு ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆர்.எக்ஸ். என்று வாழ்கிறவர் தாராளமாக வாங்கட்டும். அது நின்றுபோனால் அவருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். நின்றுபோனால் அன்றைய கூலி போய்விடும் என்கிற நிலையில் இருப்பவர் அதே கட்டுரையைப் படித்துவிட்டு அதே வண்டியை வாங்கக்கூடாது. இதை எழுதுகிறவர் தன் வாசகருக்கு ஒரு வரியிலேனும் சொல்லியாகவேண்டும். சொல்லாத அழகியல் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் நண்பரின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. வேலை போன பிறகு அந்த ஆசிரியரைத் தேடிப் போனார். ஸ்ப்ளெண்டர் இன்னும் விற்கப்படாமல் திண்ணையோரம் நின்றது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்; அது எங்கள் பிராயச்சித்தம். அந்த வண்டியில் அவர் வேறு வேலை தேடினார், மணம் செய்தார், மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். பதினோரு ஆண்டுகள். இக்கட்டுரைக்காக அந்த வண்டியைப் பற்றி ஏதாவது சுவையான சம்பவம் சொல்லும்படி கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒன்றும் நினைவில்லை என்றார்.