ஜிகினாவுக்கு வக்காலத்து

வேஷம் என்பதை வசைச்சொல்லாக மட்டுமே பயன்படுத்தத் தெரிந்த விமர்சகர்கள் நம்மிடையே அதிகம். ஒரு கவிதை பிடிக்கவில்லையென்றால் அதில் அனுபவம் இல்லை, வெறும் பாவனை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பாவனை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, யாருக்கு எதிரே செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் சிரமம் மிச்சம். இந்தச் சோம்பேறித்தனம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜிகினாவும் சாட்டினும் உயரக் குதிகால் பூட்ஸும் முகப்பூச்சுமாக மேடையேறிய கிளாம் ராக் பாட்டுக்காரர்கள்மீதும் இதே தீர்ப்புதான் சொல்லப்பட்டது. இன்றும் சொல்லப்படுகிறது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நமக்கும் நல்லது.

நடந்தது இதுதான். 1971 மார்ச்சில் பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே ஜிகினா தடவிக்கொண்டு பாடினார். லாரி டிரைவரின் மகன். அதற்குமுன் சில வருஷங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மின்சாரம் ஏறாத கிதாரை மீட்டி, ஹிப்பிகளின் அன்பைச் சம்பாதித்திருந்தவர். எலெக்ட்ரிக் கிதாருக்கும் சாட்டினுக்கும் அவர் மாறியதும் பழைய ரசிகர்களில் ஒரு பகுதி, ஆள் விலைபோய்விட்டான் என்றது. 1972 ஜூலை 6 அன்று அதே நிகழ்ச்சியில் டேவிட் போவி தோன்றினார். செக்கச்சிவந்த சாயமேற்றிய தலை, பல வர்ணத்தில் மெத்தைபோல் தைத்த உடுப்பு. பாட்டின் நடுவில் கிதார்க்காரர் மிக் ரான்ஸனின் தோளில் கையைப் போட்டுத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். மொத்தமும் சில நிமிஷங்கள்.

இதன்மீதான முதல் குற்றச்சாட்டு, இது 'உண்மையான' ராக் அல்ல என்பது. உண்மையான ராக் எதை உடுத்தியிருந்தது? ஜீன்ஸ். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் தைத்த உடுப்பு. சுரங்கத்தைக் கண்ணால் பார்த்திராத கல்லூரிப் பையன் அதை மாட்டிக்கொண்டு, நான் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை, இதுதான் நான் என்றான். இதைவிடப் பெரிய வேஷம் எது? தையல் தெரியாமல் தைத்த வேஷம், அவ்வளவுதான் வித்தியாசம். ஜிகினா தன் தையலை மறைப்பதில்லை. போவி தன் பாத்திரத்துக்கு ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்று பெயரே வைத்தார். 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், பார்வையாளர் முன்பாகவே அதற்கு முடிவும் கட்டினார். அந்த வருஷத்து மேடையுடைகளைச் செய்துகொடுத்த கான்ஸாய் யமமோட்டோ காபுகி நாடக மரபிலிருந்து எடுத்துக்கொண்டவர். காபுகியில் கறுப்புடை உதவியாளன் எல்லோரும் பார்க்க மேடைக்கு வந்து நடிகனின் மேலுடையை உருவிவிட்டுப் போகிறான். யாரும் ஏமாற்றப்படவில்லை. இதைப் போலி என்பவர் போலி என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவர்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய, இளைஞர் குழுக்களின் நடையுடை பாணிகளைப் பற்றிய புத்தகத்தில், போவியின் அழகியல் வர்க்கம், பால், ஆளுமை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துப் போகிற அழகியல் என்று சொல்கிறார். ராக் உலகம் அதுவரை மூடிவைத்திருந்த பாலடையாளம் பற்றிய கேள்விகளைத் திறந்துவிட்டவர் போவி என்பதையும் அதே புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், 'தப்பித்தல்' என்ற சொல் எடை தாங்காமல் சரிவது தெரியும். எதிலிருந்து தப்பித்தல்?

1967 சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கும் ஆணுக்குமான உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்த சட்டம் என்று புகழப்படுவது. அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்து 1980 வரையிலும் வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முக்கியமாக, தனிமையில் இருக்க வேண்டும். மூன்றாமவர் ஒருவர் உடனிருந்தாலே அது தனிமை அல்ல. அதாவது அரசாங்கம் சொன்னது: இருந்து தொலையுங்கள், கண்ணில் படாதீர்கள். ஐந்து வருஷம் கழித்து ஒருவன் முகத்தில் பூச்சோடு இன்னொருவன் தோளில் கைபோட்டுக் கொண்டு, குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கிற கூடத்துக்குள் டெலிவிஷன் வழியாக வந்து நிற்கிறான். சட்டம் மறைக்கச் சொன்னதையே பாணி காட்டியது. இதைத் தப்பித்தல் என்று வகைப்படுத்துகிற வர்க்க ஆய்வை நான் நம்பத் தயாராக இல்லை.

இதைச் சொன்ன கையோடு, என் பக்கத்து ஆட்களிடமும் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. முகமூடி எப்போதும் விடுதலையே தரும் என்று பாடுகிறவர்கள் இவர்கள். கேரி கிளிட்டர் என்று ஜிகினாவையே பெயராக வைத்துக்கொண்டவர் 1999இலும் பிறகு 2015இலும் குழந்தைகளுக்கெதிரான குற்றங்களுக்காக இங்கிலாந்து நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டார். இரண்டாவது முறை 16 வருஷம். அங்கே ஜிகினா எதையும் திறக்கவில்லை. ஒரு மனிதனைப் பல வருஷம் வேடிக்கையானவனாகக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று: பெண்ணின் பூச்சையும் பட்டையும் ஆண் எடுத்துக்கொண்டபோது பெண்ணுக்கு எதிர்த்திசையில் எவ்வளவு இடம் கிடைத்தது? தோலுடையில் கிதாரோடு வந்த சூசி குவாட்ரோ 1973இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனார். அவரோடு சேர்த்து எண்ண விரல்கள் அதிகம் தேவைப்படவில்லை. விடுதலை ஒருவழிப் பாதையாக இருந்ததைச் சொல்லாமல் ஜிகினாவைப் புகழ்வது விளம்பரம், விமர்சனம் அல்ல.

ஆகவே வேஷமா நிஜமா என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டுபோகாது. கேட்க வேண்டியது: போட்டுக்கொண்டவன் எதைப் பணயம் வைத்தான்? மேடையில் நின்ற போவி வைத்த பணயம்கூடக் குறைவுதான். 1972 ஜனவரியில் தான் ஒருபாலுறவினன் என்று ஒரு இசைப் பத்திரிகைக்குச் சொன்னவர், 1980களில் அந்த வார்த்தையிலிருந்து விலகிக்கொண்டார். நட்சத்திரத்தால் விலகிக்கொள்ள முடியும். அம்மாவின் உதட்டுச்சாயத்தைத் திருடிப் பூசிக்கொண்டு, தன்னைத் தெரிந்தவர்கள் நிறைந்த தெருவில் நடந்த தொழிற்பேட்டைப் பையனால் முடியாது. அடி அவனுக்குத்தான். அந்தப் பாணியின் ஆசிரியனும் என் கணக்கில் அவன்தான்.

இந்தக் கணக்கு மியூசியத்துக்குப் புரியாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 2013இல் போவிக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. அவருடைய 80,000க்கும் மேற்பட்ட பொருள்கள் அதன் வசமாவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் போனதும் எல்லாம் ஒரே மேதையின் மூளையில் உதித்ததாகிவிடுகிறது. உடுப்பை உருவாக்கிய ஃப்ரெடி பரெட்டியும், புறநகர் சலூனில் வேலைபார்த்து, அந்தத் தலையை வெட்டிச் சாயமேற்றிய சூசி ஃபஸ்ஸியும் சின்ன எழுத்துக் குறிப்பாகிறார்கள். தெருவில் நடந்த பையனுக்குக் குறிப்பும் இல்லை.

நம் பத்திரிகைகளுக்கு வருகிறேன். அலங்காரத்தைத் துறந்துவிட்டோம் என்று ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவருகிறோம். யாப்பைக் கழற்றினோம், உவமையைக் கழற்றினோம். கழற்றிய இடத்தில் தணிந்த குரல், உடைந்த வரி, கடைசியில் ஒரு மௌனம் என்று ஒரு சீருடை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 'அனுபவத்தின் நேர்மை' என்று பெயரும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இதுவும் ஜீன்ஸ்தான். இதைப் போட்டுக்கொண்டு எழுதுவதில் இன்று யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. நம் வட்டத்துக்குள் மரியாதைதான் கிடைக்கிறது. அடுத்த முறை ஒரு இளைஞனின் கவிதை பளபளக்கிறது என்று திருப்பி அனுப்புமுன், அந்தப் பளபளப்புக்காக அவன் யாரிடம் அடிவாங்கத் தயாராக இருக்கிறான் என்று கேட்போம். அதே கேள்வியை நம் மௌனங்களிடமும் கேட்போம்.