பார்க்காத நூதனசாலைக்கு அறிக்கை எழுதச் சொல்வதா?

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா களியாட்டமாகிவிட்டது என்று தங்கள் பத்திரிகையில் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் நடக்கும் ஆட்டம் பாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தரம் 10இல் படிக்கும் என் மகள் சுற்றுலா போய் வந்த பிறகு, போன வாரம் வகுப்பில் நடந்த காரியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று நாள் பயணம், பிள்ளைக்கு ஒன்பதாயிரம் ரூபா. வீட்டுக்கு வந்த நிகழ்ச்சி நிரலில் பொலன்னறுவை, பேராதனைப் பூங்கா, கொழும்பு தேசிய நூதனசாலை என்று வரிசையாக அச்சடித்திருந்தது. அடியில் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி முத்திரை. நடந்ததோ வேறு. பொலன்னறுவையில் முக்கால் மணித்தியாலம். பேராதனைப் பூங்கா வாசலில் பஸ்ஸை நிறுத்தி, சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துத் தின்றுவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை முழுவதும் நீர்ப் பூங்கா. பின்னேரம் புறக்கோட்டையில் சொப்பிங். நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கேற் பூட்டியாயிற்று. பூட்டிய கேற்றின் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

இவ்வளவோடு விட்டிருந்தால் நானும் மற்றப் பெற்றாரைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். திங்கட்கிழமை, எல்லாரும் சுற்றுலா அறிக்கை எழுதித் தரவேண்டும், அதற்குப் புள்ளியும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். “நாங்கள் நூதனசாலைக்குள் போகவில்லையே” என்று பிள்ளைகள் கேட்டதற்கு, போன வருட அறிக்கை ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதும்படி சொல்லியிருக்கிறார்கள். போன வருடத்துப் பிள்ளைகளாவது உள்ளே போனார்களா என்பது எனக்குத் தெரியாது. என் மகளின் கொப்பியில் ‘நூதனசாலையில் நாம் கண்டவை’ என்ற தலைப்பு இருக்கிறது. கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. “என்னப்பா எழுதுறது?” என்று கேட்கிறாள். பொய்யை எழுது பிள்ளை என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்தக் கேற்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதாவது இவர்களுக்குத் தெரியுமா? 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுக்குரிய கல் அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் கொடுத்த காணிக்கைகள் அந்த ஒரே கல்லில் பொறித்திருக்கின்றன. தென்னிலங்கையின் கரையில் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்பதை, வன்னியிலிருந்து போகும் ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே வாசித்தறியலாம். அந்தக் கல்லுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நிற்க நேரமில்லை, சறுக்கு மரத்தில் வழுக்கி விழ அரை நாள் இருக்கிறது.

பொலன்னறுவையிலும் இதே கதிதான். சோழர் கல்லால் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சரம் அங்கே இன்றும் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டும் அந்த நகரில்தான் இருக்கிறது. இரண்டில் ஒன்றையேனும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைந்தோடும் மகாவலியின் நீர்தான், சற்றுத் தள்ளிப் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு வறண்ட பிரதேச வயல்களுக்குப் போகிறது. புவியியல் புத்தகத்தில் பல பக்கம் படிக்கிற விசயத்தை ஆற்றங்கரையில் நின்று பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். பிள்ளைகள் கண்டது பஸ் தரிப்பிடத்தை மட்டும்.

அதிபரைக் கேட்டால், பிள்ளைகள்தான் நீர்ப் பூங்கா கேட்டார்கள் என்கிறார். பிள்ளைகள் கேட்டால் கணித பாடத்தையும் நிறுத்திவிடுவாரா? நேரம் போதவில்லையாம். சொப்பிங்குக்கு மட்டும் எப்படிப் போதியது? விளக்கிச் சொல்ல ஆள் இல்லையாம். வரலாற்று ஆசிரியை வரத் தயாராக இருந்தும் பஸ்ஸில் இடமில்லை என்று மறித்தது யார்? முன் ஆசனங்களில் ஆசிரியர்களின் உறவினர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து போனதை என் மகள் மட்டுமல்ல, அந்த பஸ்ஸில் போன எல்லாப் பிள்ளைகளும் கண்டார்கள்.

முத்திரை குத்திய பணிமனைக்கும் இதில் பங்குண்டு. போகுமுன் நிகழ்ச்சி நிரலைக் கேட்கிற அதிகாரிகள், வந்த பின் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்பதில்லை. கடதாசி சரியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அதே எண்ணத்தைத்தான் இப்போது பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள்.

எங்கள் பகுதியில் அநேகம் பிள்ளைகள் வவுனியாவைத் தாண்டுவதே இப்படியொரு சுற்றுலாவில்தான். கூலிவேலை செய்து ஒன்பதாயிரம் கட்டிய தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் காசு கொடுத்தது பிள்ளை நாட்டைக் காணட்டும் என்றுதான்.

அனுமதி கொடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் போனதற்கான நுழைவுச் சீட்டைப் பணிமனை கேட்டு வாங்க வேண்டும். வரலாறு அல்லது புவியியல் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். இந்த அறிக்கைக்குப் புள்ளி போடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

நடந்ததை நடந்தபடியே எழுது, புள்ளி குறைந்தால் குறையட்டும் என்று என் மகளிடம் சொல்லிவிட்டேன். மற்றப் பெற்றாரிடமும் ஒன்று கேட்கிறேன்: பிள்ளை கொண்டுவந்த படங்களைப் பார்த்ததோடு விட்டுவிடாமல், எழுதுகிற அறிக்கையையும் வாங்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இங்ஙனம்,
பெற்றார் ஒருவர்,
வன்னி.